அவளிடம் சொல்லாமல் வரவழைக்கும் நோவு

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் நம் ஊர்களில் ஒரு கருத்து ஆழமாக வேரோடிக் கிடக்கிறது. பிள்ளை பிறக்கும் திகதி நெருங்கிவிட்டால் நோவை வரவழைப்பது மற்றவர்களின் பொறுப்பு. சுமப்பவளுக்கு அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, சொன்னால் பயந்துபோவாள் என்பதுதான் அது. வீட்டில் உம்மாவும் மூத்தம்மாவும் இதை நம்புகிறார்கள். வைத்தியசாலைகளில் டொக்டர்மாரிலும் இதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஆமணக்கெண்ணெயைக் கோப்பியில் கலந்து கொடுக்கிறார். மற்றவர் உள்பரிசோதனை செய்யும்போதே பன்னீர்க்குடத்தின் சவ்வை விரலால் பிரித்துவிட்டுக் கையுறையைக் கழற்றுகிறார். இருவருக்கும் நல்லெண்ணம்தான். இருவரும் அவளைக் கேட்பதில்லை.

இந்தக் கருத்து தவறு என்று சொல்ல வருகிறேன். பெண்ணின் கண்ணியத்தை வைத்து மட்டும் இதைச் சொல்லவில்லை. மருத்துவக் கணக்கை வைத்துப் பார்த்தாலும் இது தவறுதான். நோவைத் தூண்டும் காரியம் பலனளிப்பதும் பாதகமில்லாமல் முடிவதும், என்ன நடக்கிறது என்று அந்தப் பெண் அறிந்திருப்பதைப் பெருமளவு சார்ந்திருக்கின்றன.

முதலில் அந்தத் திகதியைப் பார்ப்போம். கிளினிக் அட்டையில் மிட்வைஃப் எழுதிக்கொடுக்கும் அந்த ஒரு நாள், நம் வீடுகளில் கடன் தவணை போல் ஆகிவிடுகிறது. அன்று விடிந்ததும் தொலைபேசி அழைப்புகள் தொடங்கும். "என்ன மகள், இன்னம் நோவு வரல்லியா?" என்று சாச்சி கேட்பார். அடுத்த நாள் ராத்தா கேட்பார். மூன்றாம் நாள் மாமி நேரில் வந்து, வயிற்றைத் தடவிப் பார்த்து, "புள்ள இன்னம் கீழ இறங்கல்லயே" என்பார். நான்காம் நாள் வீட்டில் ஒருவருக்கும் தூக்கமில்லை.

அந்தத் திகதி எப்படி வந்தது? கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு ஏழு நாளைக் கூட்டி, மூன்று மாதம் பின்னே எண்ணுவது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைடல்பேர்க்கில் மகப்பேற்று மருத்துவராக இருந்த நேகெலேயின் பெயரால் வழங்கும் கணக்கு இது. மொத்தம் 280 நாள். மாதவிடாய் 28 நாளைக்கு ஒரு தடவை தவறாமல் வருகிறது, அதன் 14ஆம் நாளில் கரு தரிக்கிறது என்று வைத்துக்கொண்டால்தான் இது சரிவரும். குறித்த நாளிலேயே பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு நாலைந்துதான். 37 கிழமை நிறைந்ததிலிருந்து 42 கிழமைக்குள் எந்த நாளில் பிறந்தாலும் அது நிறைமாதப் பிள்ளை.

நம் பகுதியில் இந்தக் கணக்கு இன்னும் தடுமாறும். மூத்த பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, மாதவிடாய் ஒழுங்காகத் திரும்புவதற்கு முன்னமே அடுத்ததைச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். கருத்தடைக்கான மூன்று மாத ஊசியை நிறுத்திய கையோடு கர்ப்பமானவர்கள் இருக்கிறார்கள். றமழானில் எத்தனை நோன்பு விடுபட்டது என்பதை வைத்து நாள் கணக்குச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் ஒன்றுதான் நம்பத்தக்க சாட்சி. அதில் ஐந்து முதல் ஏழு நாள் வரைதான் பிழை இருக்கலாம். கடைசி மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் பிள்ளையின் பருமனைப் பார்த்து நாளை மதிப்பிடுகிறது. அதில் இரண்டு மூன்று கிழமை முன்பின் ஆகலாம். ஆனால் நடப்பது என்ன? முதல் ஸ்கேன் தாளை எங்கேயோ தொலைத்துவிட்டு, ஒன்பதாம் மாதம் சனல் சென்டரில் எடுத்த ஸ்கேனில் வந்த புதுத் திகதியைத் தூக்கிப் பிடிக்கிறோம். அதை நம்பி நோவை வரவழைத்தால், 40 கிழமை என்று நினைத்த பிள்ளை 37 கிழமைப் பிள்ளையாக வந்து, மூச்சுவிடச் சிரமப்பட்டுக் குறைமாதப் பிள்ளைகளின் வார்ட்டில் கிடக்கவும் நேரலாம்.

திகதி பற்றிய இந்தப் பயத்தை நான் ஏளனமாகப் பார்க்கவில்லை. அதற்கு வரலாறு இருக்கிறது. யுத்த காலத்தில் ஊரடங்கு இரவுகளில் நோவெடுத்த பெண்களை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்த உம்மாமார்தான் இன்று மூத்தம்மாமார். பொத்துவிலிலிருந்து கல்முனைக்கு 60 கிலோமீற்றருக்கு மேல். இடையில் காடும் சோதனைச் சாவடிகளும். பகலிலேயே பிள்ளை பிறந்துவிட வேண்டும், எல்லோரும் பக்கத்தில் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும் என்ற தவிப்பு அந்த நாட்களில் பிழைப்பதற்கான அறிவு. இன்று கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன; சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. பாதை திறந்திருக்கிறது. காரணம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

அந்தப் பழக்கம் சமையலறையில் என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அன்னாசிப் பழத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அதிலுள்ள நொதியம் கருப்பை வாயைக் கனியவைக்கும் என்பார்கள். தின்ற பழம் வயிற்றில் செரித்துப்போகிறது, நோவை வரவழைத்ததாக நம்பத்தகுந்த சான்று எதுவும் இல்லை. சீரகத் தண்ணியும் அப்படித்தான். குடித்தால் குடித்துவிட்டுப் போகட்டும்.

ஆமணக்கெண்ணெய் அப்படியல்ல. அது வேலை செய்யும் மருந்து; அதுதான் அதன் ஆபத்து. அதிலுள்ள ரிசினோலேயிக் அமிலம் குடலிலும் கருப்பையிலும் உள்ள ஒரே வகை ஏற்பியைத் தூண்டுகிறது என்று 2012இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். ஆகவே வயிற்றோட்டமும் கருப்பைச் சுருக்கமும் ஒரு வழியாகவே வருகின்றன. மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் கொக்ரேன் நிறுவனம் 2013இல் இதைப் பற்றிய மூன்று ஆய்வுகளைத் தொகுத்தது, 233 பெண்கள். எண்ணெய் குடித்த ஒவ்வொருவருக்கும் குமட்டல் வந்திருக்கிறது. பலன் உறுதிப்படவில்லை. நம் வீடுகளில் இதற்கு அளவு கிடையாது. "ரெண்டு மேசைக்கரண்டி" என்பார் ஒருவர், "அரைக் கிளாஸ்" என்பார் இன்னொருவர். இரவு முழுக்க வாந்தியும் வயிற்றோட்டமுமாகக் கிடந்து, உதடு காய்ந்து, நாடி படபடக்க, நோவு தொடங்கும் முன்னரே களைத்துப்போய் லேபர் ரூமுக்கு வரும் பெண்ணுக்குத் தள்ளுவதற்குத் தெம்பு எங்கிருந்து வரும்? முந்தைய பிள்ளை ஒப்பரேஷனில் பிறந்திருந்தால் அந்தத் தையல் தழும்போடு இருக்கும் கருப்பையைக் கண்ணை மூடிக்கொண்டு தூண்டிவிடுகிறோம். இதைக் கோப்பியில் மறைத்துக் கொடுப்பவர், டொக்டர் "ஏதாவது குடித்தாயா?" என்று கேட்கும்போது அவள் "இல்லை" என்று உண்மையாகவே சொல்லும் நிலையை உண்டாக்குகிறார். எதையும் குடிக்கவில்லை என்று நம்பி டொக்டர் அதன்மேல் இன்னொரு மருந்தை வைக்கிறார். மறைப்பதன் விலை இது.

பேரீச்சம்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பேற்று வேதனையின்போது பேரீச்சை அருளப்பட்ட வரலாறு நம் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ஜோர்தானில் ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. திகதிக்கு முந்தைய நாலு கிழமையும் நாளொன்றுக்கு ஆறு பழம் சாப்பிட்ட 69 பெண்களையும் சாப்பிடாத 45 பெண்களையும் ஒப்பிட்டார்கள். சாப்பிட்டவர்களில் 96 வீதமானோருக்கும், சாப்பிடாதவர்களில் 79 வீதமானோருக்கும் நோவு தானாகத் தொடங்கியது. குலுக்கல் முறையில் பிரிக்காத சிறிய ஆய்வு என்பதால் இதை முடிந்த முடிவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் சீனி வருத்தம் இல்லாதவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். சுவையான, சத்தான உணவு. சீனி வருத்தம் இருப்பவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

இனி வைத்தியசாலைக்குள் போவோம். என் மறுப்பின் மையம் இங்கேதான் இருக்கிறது.

மெம்பிரேன் ஸ்வீப் என்பது என்ன? உள்பரிசோதனை செய்யும்போது கருப்பை வாய் சற்றுத் திறந்திருந்தால், விரலை அதனூடே செலுத்தி, பன்னீர்க்குடத்தின் சவ்வு கருப்பையின் கீழ்ப்பகுதியோடு ஒட்டியிருக்கும் இடத்தில் வட்டமாகச் சுழற்றி அதைப் பிரித்துவிடுவது. குடத்தை உடைப்பதில்லை. அப்படிப் பிரிக்கும்போது அந்த இடத்திலேயே புரொஸ்டகிளாண்டின் என்ற இரசாயனம் சுரக்கிறது. அது கருப்பை வாயை மிருதுவாக்கி, நோவு தானாகத் தொடங்கத் தூண்டுகிறது. மருந்துக் குளிசை இல்லை, பலூன் இல்லை, சேலைன் இல்லை, வார்ட்டில் தங்க வேண்டியதும் இல்லை. எடின்பரோவின் ஜேம்ஸ் ஹமில்டன் 1810இலேயே இதை விவரித்ததாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இருநூறு ஆண்டுப் பழக்கம்.

பலன் உண்டா? உண்டு, அளவான பலன். கொக்ரேன் 2020இல் 44 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 பெண்களை, தொகுத்துப் பார்த்தது. ஸ்வீப் செய்யாத ஆயிரம் பேரில் ஏறத்தாழ 600 பேருக்கு நோவு தானாகத் தொடங்கியபோது, செய்தவர்களில் 720 பேருக்குத் தொடங்கியது. மருந்து வைத்து நோவை உண்டாக்க வேண்டிய தேவை ஆயிரத்துக்கு 310 அளவிலிருந்து 230 அளவுக்குக் குறைந்தது. ஒப்பரேஷன் தேவைப்படுவதில் தெளிவான வித்தியாசம் காணப்படவில்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தாய்க்கோ பிள்ளைக்கோ கடுமையான பாதிப்பு கூடியதற்கும் சான்றில்லை. சான்றின் உறுதி குறைவு என்பதையும் தொகுத்தவர்களே எழுதியிருக்கிறார்கள். மருந்து வைத்து நோவை உண்டாக்கும் தேவையைக் குறைக்க ஸ்வீப்பைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இலேயே பரிந்துரைத்தது.

இவ்வளவு நல்ல காரியத்தை ஏன் எதிர்க்கிறாய் என்று கேட்பீர்கள். நான் ஸ்வீப்பை எதிர்க்கவில்லை. அதை ஆதரிக்கிறேன். கேட்காமல் செய்வதைத்தான் எதிர்க்கிறேன். நாள் கடந்த பெண்ணுக்கு நம் வைத்தியசாலைகள் தரக்கூடியவற்றில் மிக எளிமையானது இது. அதையே அவள் பயந்து ஓடும் காரியமாக மாற்றுவது இந்தச் சொல்லாத பழக்கம்.

எனக்கு நெருங்கிய ஒரு பெண்ணுக்கு நடந்ததை இங்கே எழுதுகிறேன். தலைப்பிள்ளை, 40 கிழமை தாண்டி மூன்று நாள். கிளினிக்கில் திரைக்குப் பின்னால் படுக்கவைத்து, "காலை மடக்குங்க, மூச்சை இழுத்து விடுங்க" என்றார்கள். முதலில் வழமையான பரிசோதனை போலத்தான் இருந்ததாம். பிறகு திடீரென்று உள்ளே திருகியதுபோல் வலித்து, அவள் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அல்லாஹ்" என்று கத்திவிட்டாள். "சரி சரி, முடிஞ்சிட்டு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அட்டையில் ஒரு வரி எழுதவில்லை. அன்றிரவு பதினொரு மணிக்கு உள்ளாடையில் இரத்தம். கோழை கலந்த, இளஞ்சிவப்பான சிறு கசிவு; ஸ்வீப் செய்த அன்று வழமையாக வரக்கூடியது. ஆனால் அது அவளுக்குத் தெரியாது. உம்மாவுக்கும் தெரியாது. பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வீடே அழுதது. ஓட்டோ பிடித்து ஓடினார்கள். நள்ளிரவில் பார்த்த தாதி, "இன்டைக்கு உள்ள பாத்தாங்களா? அப்ப அதுதான்" என்று ஒரே வசனத்தில் சொன்னார். அந்த ஒரு வசனத்தைப் பகலில் சொல்லியிருக்கலாம். அடுத்த கிளினிக்குக்கு அவள் போகமாட்டேன் என்றாள். வலியைவிட, தன் உடம்பில் என்ன செய்தார்கள் என்று தெரியாமல் வீடு வந்ததுதான் அவளை உலுக்கியிருந்தது.

இதே சம்பவத்தின் மறுபக்கம் இன்னும் பயங்கரமானது. கசிவு வழமையானது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லாததுபோலவே, எது வழமையல்ல என்றும் சொல்லவில்லை. மாதவிடாய் போலப் பெருகும் இரத்தம், குடம் உடைந்து ஒழுகும் தண்ணீர், காய்ச்சல், விட்டு விட்டு வராமல் இறுகியே நிற்கும் வயிறு, பிள்ளையின் அசைவு குறைவது ஆகியவை உடனே வர வேண்டிய அறிகுறிகள். ஸ்வீப் செய்தது தெரிந்த பெண் இவற்றைப் பிரித்தறிவாள். தெரியாதவள் ஒன்றில் எல்லாவற்றுக்கும் ஓடுவாள், அல்லது அடுத்த தடவை எதற்கும் ஓடமாட்டாள்.

கேட்காமல் செய்வதற்கு மூன்று நியாயங்கள் சொல்கிறார்கள்.

சொன்னால் மறுத்துவிடுவாள் என்பது முதல் நியாயம். இதைச் சொல்பவர்கள் நெதர்லாந்தில் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வைப் பார்க்கட்டும். 41 கிழமை நிறைந்த 742 பெண்கள் அறிந்தே சேர்ந்தார்கள். குலுக்கலில் ஸ்வீப் விழுந்தவர்களுக்கு இரண்டு நாளைக்கு ஒரு தடவை அது செய்யப்பட்டது. 42 கிழமையைத் தாண்டியவர்கள் மற்றக் குழுவில் 41 வீதம். ஸ்வீப் செய்த குழுவில் 23 வீதம். ஸ்வீப் செய்தவர்களில் பாதிப்பேர் ஓரளவு வலித்தது என்றார்கள். 17 வீதமானோர் நன்றாகவே வலித்தது அல்லது மிகவும் வலித்தது என்றார்கள். அடுத்த கர்ப்பத்திலும் இதைச் செய்துகொள்வீர்களா என்று கேட்டபோது 88 வீதமானோர் ஆம் என்றார்கள். வலிக்கும் என்று தெரிந்து, வலியையும் அனுபவித்து, மறுபடி வேண்டும் என்கிறார்கள். மருதமுனைப் பெண்ணுக்கும் நிந்தவூர்ப் பெண்ணுக்கும் அந்த விளக்கமும் அந்த மனத்திடமும் இல்லை என்று எவர் தீர்மானித்தார்? உயர்தரம் படித்தவர்கள், ஆசிரியைகள், கைத்தறியில் உழைத்து வீட்டைத் தாங்குபவர்கள். நம் ஊர்களில் வீடே பெண்ணின் பெயரில்தான் இருக்கிறது. மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வருகிறார். வீட்டுக்கு உரித்தானவள் தன் உடம்புக்கு உரித்தானவள் இல்லையா?

உள்பரிசோதனைக்குச் சம்மதித்துத்தானே படுத்தாள் என்பது இரண்டாவது நியாயம். பல்லைக் காட்டுவதற்கு வாய் திறந்தவரின் பல்லைப் பிடுங்கிவிட்டு, வாய் திறந்தாரே என்று சொல்வது போன்றது இது. பார்ப்பது வேறு, செய்வது வேறு. பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டல் 2021இல் புதுப்பிக்கப்பட்டபோது இதை நேராகவே எழுதியது: 39 கிழமைக்குப் பிறகான சந்திப்புகளில் ஸ்வீப் பற்றிப் பேச வேண்டும், அவள் விரும்பினால், வாய்மொழிச் சம்மதம் பெற்ற பிறகே செய்ய வேண்டும். பிரசவ அறையில் பெண்கள் மதிப்போடு நடத்தப்பட வேண்டும், சம்மதமில்லாத மருத்துவச் செயல்கள் ஒழிய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இலேயே அறிக்கை விட்டிருக்கிறது. கானா, கினி, நைஜீரியா ஆகிய மூன்று நாடுகளில் பிரசவ அறைகளை நேரில் அவதானித்து 2019இல் வெளியான ஆய்வில், உள்பரிசோதனைகளில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று சம்மதம் கேட்காமலே நடந்ததாகப் பதிவாகியது. ஆகவே இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையல்ல. அதனால் அது குறையில்லை என்றும் ஆகிவிடாது.

நேரமில்லை என்பது மூன்றாவது. இதை நான் மதிக்கிறேன். காலை ஏழரைக்கே வாங்கில் நிரம்பி, வராந்தாவில் நின்று, சுவரில் சாய்ந்து காத்திருக்கும் கூட்டத்தை ஒரு விசேட வைத்திய நிபுணரும் இரண்டு மூன்று டொக்டர்மாரும் மதியத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும். வேறு மாகாணத்திலிருந்து நியமனம் பெற்று வந்த, தமிழ் பழகாத இளம் டொக்டர் தாதியின் வாயால்தான் பேச வேண்டும். ஆனால் தேவைப்படும் பேச்சு எவ்வளவு? "தங்கச்சி, நாப்பது கிழம தாண்டிட்டு. உள்ள பாக்கக்குள்ள, கருப்பை வாய் திறந்திருந்தா விரலால சவ்வைக் கொஞ்சம் பிரிச்சு விடலாம். நோவு தானா வர உதவும். கொஞ்சம் வலிக்கும், லேசா ரத்தம் படும். செய்யவா, வேணாமா? நடுவுல வேணாமெண்டா சொல்லுங்க, நிப்பாட்டுறேன்." வாசித்துப் பாருங்கள், அரை நிமிடம் ஆகாது. இதையே தமிழில் அச்சிட்டு ஒரு தாளாகக் கொடுத்தால் வராந்தாவில் காத்திருக்கும் இரண்டு மணித்தியாலத்தில் அவள் பத்துத் தடவை வாசிப்பாள், உம்மாவோடும் பேசுவாள். வீடு வீடாக வரும் மிட்வைஃப் மிஸ் 38ஆம் கிழமையிலேயே சொல்லிவைக்கலாம். 1920களிலிருந்து இந்த நாடு கட்டியெழுப்பிய பொதுச் சுகாதார மருத்துவமாது சேவை இதற்கெல்லாம் தோதான ஒன்று. 1940களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரை இழந்த நாடு, அந்தத் தொகையைச் சில பத்துகளுக்குக் கொண்டுவந்ததில் அவர்களின் சைக்கிள் மிதித்த கால்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்கள் சொன்னால் நம் பெண்கள் கேட்பார்கள்.

இதுவரை வாசித்துவிட்டு, "நல்லது, அப்படியானால் வைத்தியசாலையே வேண்டாம், எல்லாவற்றையும் மறுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்" என்று ஒரு தங்கை முடிவெடுத்தால் நான் எழுதியது வீண். அந்தக் கருத்தும் இப்போது பரவுகிறது, அதையும் மறுக்கிறேன்.

காத்திருப்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஒன்றரைக் கோடி கர்ப்பங்களின் தரவுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வு, 40 கிழமையிலிருந்து 41க்குப் போகும்போது ஏறத்தாழ 1,450 பெண்களுக்கு ஒரு பிள்ளை மேலதிகமாக வயிற்றிலேயே இறக்கிறது என்று கணக்கிட்டது. சிறிய ஆபத்துத்தான். 42ஐ நெருங்க நெருங்க அது வேகமாகக் கூடும். சுவீடனில் 41 கிழமையில் நோவை உண்டாக்குவதையும் 42 வரை காத்திருப்பதையும் ஒப்பிட்ட ஆய்வை 2,760 பெண்களோடு இடைநிறுத்த வேண்டியதாயிற்று. காத்திருந்த பக்கத்தில் ஆறு பிள்ளைகள் இறந்தன, மறுபக்கத்தில் ஒன்றும் இறக்கவில்லை. தெற்காசியப் பெண்களுக்கு இந்த ஆபத்து சற்று முன்னரே கூடத் தொடங்குகிறது என்று பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. சீனி வருத்தம், பிரஷர், பிள்ளையின் வளர்ச்சிக் குறைவு இருந்தால் எல்லை இன்னும் முன்னால் வரும். சிக்கலில்லாத கர்ப்பத்தில் 41 கிழமை நிறைந்தால் நோவை உண்டாக்குவது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்கு முன்னர் அவசரப்படத் தேவையில்லை. அதற்குப் பின்னர் அலட்சியம் கூடாது. 40க்கும் 41க்கும் இடைப்பட்ட அந்த ஒரு கிழமைதான் ஸ்வீப்புக்கு மிகப் பொருத்தமான நேரம்.

"அல்லாஹ் நாடின நேரத்துல பொறக்கும்" என்பார்கள். பிறக்கும்தான். மருந்தையும் அவன்தான் தந்திருக்கிறான். இறைவன்மீது பொறுப்புச் சாட்டும் தவக்குலைக் காரணம் காட்டி முயற்சியைக் கைவிடுவது மார்க்கம் சொன்ன வழியல்ல என்பதை நம் உலமாக்கள் மிம்பரில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள்.

வெட்கத்தைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. ஆண் டொக்டர் உள்பரிசோதனை செய்வார் என்பதற்காகவே கிளினிக்கைத் தவிர்க்கும் பெண்கள் நம்மிடையே உண்டு. கட்டாயத் தேவையில் மார்க்கம் இதை அனுமதிக்கிறது என்பதை அவர்கள் அறிவார்கள். ஆனாலும் மனம் கூசுகிறது. அந்தக் கூச்சத்தைப் பட்டிக்காட்டுத்தனம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெண் டொக்டர் இருக்கிறாரா என்று கேட்பது அவளின் உரிமை. இல்லாவிட்டால் ஒரு தாதியோ அவளின் உம்மாவோ பக்கத்தில் நிற்க வேண்டும். திரை முழுமையாக மூடியிருக்க வேண்டும். தேவையான அளவு மட்டும் ஆடை விலக வேண்டும். பிரித்தானியாவில் பயிற்சி பெற்ற மருத்துவமாதுகளே ஸ்வீப் செய்கிறார்கள். நம் வைத்தியசாலைகளின் அனுபவமுள்ள மருத்துவமாதுகளுக்கும் அந்தப் பயிற்சியைக் கொடுத்தால் இந்தச் சிக்கலில் பாதி தீரும். இதைக் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனை யோசிக்கலாம்.

மூத்தம்மாமாரே, உம்மாமாரே, பேத்திக்கு நோவு வர வேண்டும் என்ற உங்கள் கவலை அன்பிலிருந்து வருகிறது. கோப்பியில் எதையும் மறைக்காதீர்கள். திகதி கடந்த நாளிலிருந்து "நோவு வந்ததா" என்று கேட்பதை நிறுத்தி, "புள்ள இண்டைக்கு நல்லாத் துடிச்சுதா" என்று கேளுங்கள். அது பிள்ளையின் உயிரோடு தொடர்புள்ள கேள்வி.

டொக்டர்மாரே, ஸ்வீப் செய்ய முன்னர் கேளுங்கள், செய்த பிறகு அட்டையில் எழுதுங்கள். வேண்டாம் என்றால் கோபிக்காதீர்கள். இரண்டு நாள் கழித்து அவளே கேட்டு வருவாள்.

தங்கச்சிமாரே, முதல் மூன்று மாதத்து ஸ்கேன் தாளைப் பத்திரமாக வையுங்கள். கட்டிலில் ஏற முன்னர், "சும்மா பாக்கிறதா, இல்லாட்டி ஸ்வீப் செய்யவும் போறீங்களா?" என்று வாய்திறந்து கேளுங்கள். மாப்பிள்ளையோ உம்மாவோ உங்களுக்காகப் பதில் சொல்ல விடாதீர்கள். பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் மட்டும் ஒருவரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இரவு இரண்டு மணியானாலும் ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.